செருப்புத் தைத்தவரின் மகன்

1892ஆம் வருசம் ஜூன் 7ஆம் தேதி. அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்கிற மனுசன் முதல் வகுப்பு டிக்கெட் எடுத்துக்கொண்டு ரயிலில் வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பெட்டியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தற்செயல் இல்லை. அந்த ஊரின் கறுப்பு மக்கள் ஒரு குழு அமைத்து, பேசி வைத்து, கைதாவதற்கென்றே அவரை ஏற்றி அனுப்பினார்கள். பார்வைக்கு அவர் வெள்ளைக்காரர் மாதிரிதான் இருப்பார். உடம்பில் எட்டில் ஏழு பங்கு வெள்ளை ரத்தம். மீதி ஒரு பங்குக்காக இறக்கிவிட்டார்கள், கைது செய்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1896இல் ஏழுக்கு ஒன்று என்கிற கணக்கில் தீர்ப்பு வந்தது: வசதி சமமாக இருந்தால் போதும், தனித்தனியாக வைப்பதில் தப்பில்லை. அதாவது சேரி தனியாகவே இருக்கட்டும், ஆனால் அதுவும் ஊர்தான். இந்தத் தீர்ப்பு 1954 வரை உயிரோடு இருந்தது. பிளெஸ்ஸிக்கு லூசியானா மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில்தான். மன்னிப்பு கேட்க வேண்டியவர் யார், பெறுகிறவர் யார் என்று பாருங்கள்.

சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கைப் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். பிளெஸ்ஸி என்ன வேலை செய்தார் என்பதை அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் செருப்புத் தைப்பவர்.

ஆம்பூர்க்காரனான எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. எங்க பக்கத்தில், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்தத் தோல் பூமியில், ஒரு மனுசன் பெயரைக் கேட்டவுடனே அடுத்த கேள்வி எந்தத் தோல் ஷாப்பு, எந்த ஷூ கம்பெனி என்பதுதான். விடியறதுக்கு முன்னாடி கம்பெனி வண்டிக்காக ரோட்டோரத்தில் சோத்து டப்பாவோடு நிற்கிற எங்க பெண்கள் தைக்கிற ஷூவைத்தான் ஐரோப்பா போட்டுக்கொண்டு நடக்கிறது. அதனால் தொழிலைப் பார்த்துத்தான் நான் வரலாறு படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போதுதான், பிளெஸ்ஸி தீர்ப்பு வந்த அடுத்த வருசம், 1897 மே 14இல், அதே ஊரில் இன்னொரு செருப்புத் தைப்பவரின் வீட்டில் பிறந்த ஒரு பையன் கண்ணில் பட்டான். அப்பா பெயர் ஒமர் பெஷே. பையன் சிட்னி பெஷே. கிளாரினெட் வாசித்தவன், பாட்டுக் கட்டியவன். ஜாஸ் என்று உலகம் சொல்கிற இசையின் முதல் பெரிய தனி வாசிப்பாளர்களில் ஒருவன்.

கறுப்பு இலக்கியம் நமக்குப் புதுசு இல்லை. 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர்களுக்குக் காணிக்கை ஆக்கினார். 1946இல் பாபாசாகேப் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் என்று பெயர் வைத்ததும் அங்கிருந்து வந்த தெம்புதான். ஆனால் கறுப்பர்களின் கவிதையையும் நாவலையும் மொழிபெயர்த்த அளவுக்கு அவர்களுடைய இசையை நாம் காதில் வாங்கவில்லை. எழுத்தைவிட இசைதான் அவர்களுடைய முதல் ஆவணம். எழுதப் படிக்கத் தெரிந்த அடிமைக்குச் சவுக்கடி விழுந்த தேசம் அது.

நியூ ஆர்லியன்ஸைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். பிரெஞ்சுக்காரனும் ஸ்பானியனும் மாறி மாறி ஆண்ட ஊர். அங்கே கறுப்பு மக்களுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு இருந்தது. கிரியோல் என்று அழைக்கப்பட்ட கலப்பு வம்சத்தவர்கள் பிரெஞ்சு பேசினார்கள், கைத்தொழில் செய்தார்கள், உள்நாட்டுப் போருக்கு முன்னாலேயே பலர் விடுதலை பெற்றவர்கள். அவர்களில் சிலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. கெனால் தெருவுக்கு இந்தப் பக்கம் அவர்கள். அந்தப் பக்கம் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய, நிறம் அடர்ந்த, ஆங்கிலம் பேசுகிற உழைப்பாளிகள். கிரியோல் வாத்தியக்காரர் நொட்டேஷன் பார்த்து வாசிப்பார். அந்தப் பக்கத்து ஆள் காதால் வாங்கி வாசிப்பார். இவர்கள் அவர்களைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். பிளெஸ்ஸி தீர்ப்பும் அதையொட்டி வந்த சட்டங்களும் கிரியோலையும் மற்றவரையும் ஒரே பெட்டியில் தள்ளின. ஜாஸ் பிறந்ததற்கு இந்தத் தள்ளலும் ஒரு காரணம் என்று எழுதுகிறார்கள். வெள்ளையன் தள்ளியதால் நல்லது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒடுக்கப்பட்டவர்களுக்குள் ஒரு படி மேலே நிற்பவர் கீழே நிற்பவரிடம் போய்க் கற்றுக்கொண்டபோதுதான் புதுசாக ஒன்று நடந்தது என்று சொல்வேன். பறையர், அருந்ததியர் என்று நமக்குள்ளே நாம் வைத்திருக்கிற படிக்கட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஏற்கெனவே சண்டை போட்டிருக்கிறோம். அதை நினைத்துக்கொண்டே இதைப் படிக்கலாம்.

பெஷே கிரியோல் வீட்டுப் பையன். செருப்புத் தைத்த அப்பா புல்லாங்குழலும் வாசிப்பார். அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வாத்தியம் தெரியும். லியோனார்டு என்கிற அண்ணன் பல் டாக்டர், டிராம்போன் வாசித்துக்கொண்டு ஒரு பேண்டும் நடத்தியவர். அவருடைய கிளாரினெட்டை எடுத்துத்தான் சின்னப் பையன் ஊதிப் பழகினான். லோரென்சோ டியோ, ஜார்ஜ் பாக்கே, லூயி நெல்சன் டிலீல் என்று ஊரின் பெரிய கிளாரினெட் வாசிப்பாளர்கள் பலர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் நொட்டேஷன் மட்டும் ஏறவே இல்லை. கடைசிவரை அவர் அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. படித்த கிரியோல் மரபில் பிறந்து, படிக்காத பக்கத்து ஆளாக வாசித்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

அந்த வாசிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், நம்ம ஆட்களுக்கு நையாண்டி மேளத்தை வைத்துத்தான் சொல்ல வரும். மெட்டை கார்னெட் பிடித்துக்கொண்டு போகும். டிராம்போன் கீழே இருந்து தாங்கும். கிளாரினெட் இரண்டுக்கும் மேலே கொடி மாதிரிச் சுற்றிச் சுற்றி ஏறும். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஆனால் சந்தைக்கடை மாதிரி இருக்காது. பெஷேவிடம் இன்னொரு குணம் உண்டு. சுரத்தை நேராக நிறுத்த மாட்டார். அதை அசைத்து, நடுங்க வைத்து, அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாத இடத்தில் விட்டுவிடுவார். கமகம் தெரிந்த காதுக்கு அது அந்நியம் இல்லை.

இந்த இசை எங்கே வாசிக்கப்பட்டது? இரண்டு இடங்களை எல்லாப் புத்தகமும் சொல்லும். ஒன்று, ஸ்டோரிவில் என்கிற பாலியல் தொழில் வட்டாரம். 1897இல் நகராட்சியே எல்லை போட்டுக் கொடுத்து, 1917இல் கடற்படையின் வற்புறுத்தலால் மூடப்பட்டது. இரண்டாவது, சாவு. கறுப்பு மக்கள் தங்களுக்குள் சந்தா கட்டி நடத்திய சங்கங்கள் உறுப்பினர் இறந்தால் பேண்டு வைத்து எடுக்கும். சுடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான சோகப் பாட்டு. புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டமும் பாட்டும், பின்னாலேயே தெருக்கூட்டமும்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சாவு மேளம் எங்களுக்குச் சாதாரணமான விஷயம் இல்லை. ஊரில் எவன் செத்தாலும் பறையோடு போய் நிற்க வேண்டும் என்பது கலை இல்லை, கட்டளை. 1927இல் மகாடில் செத்த மாட்டைத் தூக்காதே, அந்தக் கறியைத் தின்னாதே என்று பாபாசாகேப் சொன்னதன் தொடர்ச்சியாகத்தான் இங்கேயும் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னார்கள். தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் அதை ஒரு இயக்கமாகவே நடத்தினார். அப்படி மறுத்ததற்காக அடிபட்ட சேரிகள் எத்தனையோ. அப்புறம் 1990களில் இன்னொரு குரல் வந்தது. பறை நம்முடையது, அதை இழிவு என்று சொன்னவன்தான் இழிவானவன், எடுத்து அடி என்றது அந்தக் குரல். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். உடைப்பதா, எடுப்பதா? எங்க கூட்டங்களில் விடிய விடிய நடந்த வாதம் இது. நான் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸ் இந்த வாதத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் தருகிறது. அங்கே சாவுக்கு வாசித்தவர்கள் தங்கள் சாவுக்குத் தாங்களே, தங்கள் சந்தாப் பணத்தில் வாசித்துக்கொண்டார்கள். பேண்டைக் கூப்பிட்டது ஆண்டை இல்லை, சங்கம். இழிவு வாத்தியத்தில் இருந்ததா, கூப்பிட்டவனுடைய அதிகாரத்தில் இருந்ததா என்பதை இங்கே பிரித்துப் பார்க்கலாம். வடசென்னையில் சாவு வீட்டில் கானா பாடுகிறவனை யாரும் ஆண்டைக்கு ஊழியம் செய்கிறான் என்று சொல்வதில்லையே.

தமிழ்நாட்டுக்கும் கிளாரினெட் வந்தது. அதுக்கும் ஒரு படிக்கட்டு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். சின்னமேளத்தில் அது நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைக் கர்நாடக சங்கீதத்தின் தனிக் கச்சேரி வாத்தியமாகவே ஆக்கிக் காட்டினார், 2022இல் பத்மஸ்ரீயும் வாங்கினார். பெரிய சாதனைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே கிளாரினெட்தான் எங்க பக்கத்து பேண்டு செட்டுகளிலும் இருக்கிறது. சர்ச் பண்டிகை, கல்யாண ஊர்வலம், சாவு எல்லாத்துக்கும் அது வரும். மேடையில் ஏறினால் வித்துவான். ரோட்டில் நடந்தால் பேண்டுகாரன்.

எங்க பெரியப்பா ஒருத்தர் அப்படி நடந்தவர். பகலில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. முகூர்த்த நாளில் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளாரினெட். சுண்ணாம்பும் உப்பும் தின்ற விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கும், துளையை மூடும்போது எரியும் என்பார். ஊதுகிறதுக்கு முன்னாடி ரீடை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே இருப்பார், பேச்சுக் கொடுத்தால் கையை ஆட்டுவார். அந்த ரீடு நாணல், நாதஸ்வரச் சீவாளியும் நாணல்தான் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஒரு கல்யாணத்தில் பேண்டு செட்டுக்கு மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு இலை போட்டார்கள். நானும் கூட இருந்தேன். பெரியப்பா சாப்பிடவில்லை. "வாசிச்சதுக்குக் காசு வாங்கிட்டேன், சோத்துக்கு நான் வரலடா" என்று சொல்லிவிட்டு வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவருடைய வாசிப்பு ஒலிநாடாவில்கூட இல்லை.

பெஷே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். நாடோடிக் கொட்டகைகளோடு சுற்றி, 1917இல் சிகாகோ, 1919இல் நியூயார்க். அங்கே வில் மாரியன் குக் என்கிற கறுப்பு இசையமைப்பாளர் தன் பெரிய இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டு அந்த வருசமே லண்டனுக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்காரச் சபைகளில் வாசித்தார்கள், பக்கிங்காம் அரண்மனையிலும் வாசித்தார்கள். எர்னஸ்ட் அன்செர்மே என்கிற சுவிட்சர்லாந்துக்காரர், மேற்கத்திய செவ்விசை நடத்துநர், இந்தக் குழுவைக் கேட்டுவிட்டு 1919இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதில் கிளாரினெட் வாசித்த அந்த இளைஞனைத் தனியாகப் பெயர் சொல்லி மேதை என்றார். ஜாஸ் வாசித்த ஒருவரைப் பற்றிக் கற்றறிந்த இசைக்காரர் ஒருவர் அந்த அளவு மரியாதையோடு எழுதியது அதுதான் முதல் என்பார்கள். பெஷேவுக்கு அப்போது வயசு 22.

1920இல் லண்டன் கடை ஒன்றில் நேராக இருக்கிற சோப்ரானோ சாக்ஸபோனைப் பார்த்து வாங்கினார். கிளாரினெட்டைவிட முரட்டுச் சத்தம், சுருதி சேர்ப்பது கஷ்டம். டிரம்பெட்டையே மூழ்கடித்துவிடுகிற வாத்தியம். அதற்கப்புறம் கிளாரினெட்டை அவர் விடவில்லை, ஆனால் அது இரண்டாம் தாரமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதே 1920இல்தான் பாபாசாகேப் படிப்பை முடிக்க மறுபடியும் லண்டன் வந்து சேர்ந்தார். 1923 வரை அங்கே இருந்தார். வயிற்றைக் கட்டி, நூலகத்தில் முதலில் நுழைந்து கடைசியில் வெளியே வந்த காலம். இரண்டு பேரும் சந்தித்தார்கள் என்று கதை கட்டவில்லை. சந்தித்திருக்கவும் மாட்டார்கள், இவர் போன இடங்களுக்கு அவர் போகிறவர் இல்லை. ஆனால் ஒரே பனியில், ஒரே ஊரில், இரண்டு வருசத்துக்கு மேல் இருந்தார்கள். ஒருவர் மகர் சிப்பாயின் மகன், இன்னொருவர் கறுப்புச் செருப்புத் தொழிலாளியின் மகன்.

பெஷேவின் லண்டன் வாழ்க்கை அசிங்கமாக முடிந்தது. ஒரு பெண்ணைத் தாக்கியதாகத் தண்டிக்கப்பட்டு, 1922 நவம்பரில் நாடு கடத்தப்பட்டார். 1928 டிசம்பரில் பாரிஸில் இன்னொரு வாத்தியக்காரனோடு தகராறு, துப்பாக்கிச் சண்டை, தெருவில் போன பெண்ணுக்குக் குண்டடி. பதினோரு மாசம் ஜெயில். இனவெறி போலீஸ், இனவெறி கோர்ட் என்று சொல்லி இதையெல்லாம் கழுவிவிடலாம். கொஞ்சம் உண்மையும் அதில் இருக்கும். ஆனாலும் அடிபட்டவர்கள் பெண்கள். நம்முடைய தலைவன், நம்முடைய கலைஞன் என்று வந்துவிட்டால் வீட்டுக்குள் அவன் கை நீண்டதை எழுதாமல் விடுகிற பழக்கம் நம்மிடமும் உண்டு. பெஷேவின் ரசிகர்கள் இந்த இரண்டு சம்பவத்தையும் முரட்டுக் குழந்தையின் குறும்பு மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இடையில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1923 ஜூலையில் நியூயார்க்கில் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் குழுவோடு முதல் இசைத்தட்டு. கொஞ்ச நாள் டியூக் எலிங்டனோடு. 1925இல் ஜோசஃபின் பேக்கர் ஆடிய 'நீக்ரோ ரெவ்யூ' குழுவோடு பாரிஸ். 1926இல் மாஸ்கோ. புரட்சி நடந்த ஊரில் ஜாஸ் வாசித்த முதல் கறுப்பர்களில் இவரும் ஒருவர். ஜெயிலுக்கப்புறம் பெர்லின், பிறகு அமெரிக்கா.

நான் நின்று பார்க்க விரும்புகிற வருசம் 1933. அதற்கு முந்தின வருசம்தான் டிரம்பெட் வாசிக்கிற டாமி லாட்னியரோடு சேர்ந்து 'நியூ ஆர்லியன்ஸ் ஃபீட்வார்மர்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்து, 1932 செப்டம்பரில் ஒரே நாளில் ஆறு பாட்டு பதிவு செய்தார்கள். இன்றைக்குக் கேட்டாலும் ரத்தம் சூடாகிறது. ஆனால் பொருளாதார மந்தம். இசைத்தட்டு விற்கவில்லை, வேலை இல்லை. ரசனையும் மாறி, பெரிய பெரிய ஸ்விங் குழுக்களின் காலம் வந்திருந்தது. இரண்டு பேரும் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு தையல் கடை திறந்தார்கள். 'சதர்ன் டெய்லர் ஷாப்' என்று பெயர். பெஷே துணிக்கு இஸ்திரி போடுவார். லாட்னியர் ஷூவுக்குப் பாலீஷ் போடுவார். அன்செர்மே மேதை என்று எழுதிப் பதினாலு வருசம் ஆகியிருந்தது. ராத்திரியானால் கடையின் பின்கட்டில் பெஷே சமைப்பார், வாத்தியக்காரர்கள் கூடுவார்கள், விடிகிறவரை வாசிப்பு.

இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள், ஒரு வேடிக்கை மாதிரி. செருப்புத் தைத்தவரின் மகன் கடையில் கூட்டாளி ஷூ துடைக்கிறான் என்பதில் எனக்கு வேடிக்கை எதுவும் தெரியவில்லை. அண்ணா சாலைப் பெரிய ஓட்டல் மேடையில் சாக்ஸபோன் வாசித்துவிட்டு, குழு கலைந்ததும் ஊருக்குத் திரும்பித் தோல் மூட்டை தூக்குகிறவன் நிலைமை மாதிரிதான் அது. தொழில் என்பது சாதியைப் போல. நீ எவ்வளவு தூரம் போனாலும் ஒரு கெட்ட வருசத்தில் உன்னைத் தேடிக்கொண்டு வந்துவிடும்.

கடை அதிக நாள் ஓடவில்லை. மறுபடி சம்பளத்துக்கு வாசிக்கப் போனார். நிலைமை மாறியது 1939இல். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயன் என்கிற யூத இளைஞர் 'புளூ நோட்' கம்பெனியைப் புதுசாக ஆரம்பித்திருந்தார். 'சம்மர்டைம்' பாட்டை வாசிக்க வேண்டும் என்று பெஷே பல கம்பெனிகளில் கேட்டும் நடக்கவில்லை, இவர் ஒப்புக்கொண்டார். ஜூனில் பதிவானது, நன்றாக விற்றது. அந்தக் கம்பெனி நிமிர்ந்து நின்றதில் இந்தத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1941 ஏப்ரலில் இன்னொரு கூத்து: கிளாரினெட், இரண்டு வகை சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று ஆறு வாத்தியத்தையும் அவரே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்தார். பாட்டு சுமார்தான். ஆனால் அப்படிச் செய்ய முடியும் என்பதே அன்றைக்கு அதிசயம்.

அந்தச் சமயத்தில்தான் பழைய நியூ ஆர்லியன்ஸ் இசையைத் தேடி வெள்ளை இளைஞர்கள் கிளம்பினார்கள். பாரம்பரிய ஜாஸ் என்கிற பெயரே அவர்கள் வைத்ததுதான். ஜார்ஜ் லூயிஸ் என்கிற இன்னொரு கிளாரினெட்காரர் ஊரை விடாமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். 1944இல் சரக்கு இறக்கும்போது மார்பில் அடிபட்டு வீட்டில் படுத்துக் கிடந்தவரிடம் போய்த்தான் பில் ரஸ்ஸல் என்பவர் ஒலிப்பதிவு செய்தார். 'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்' என்று இன்றைக்கும் கொண்டாடப்படுகிற பாட்டு அப்படிப் பதிவானது. தேடி வந்தவர்கள் இல்லையென்றால் அந்த வாசிப்பு மண்ணுக்குள் போயிருக்கும், அதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். அதே நேரம், எது அசல், எது கலப்படம் என்று தீர்ப்புச் சொல்கிற நாட்டாமை வேலையும் தேடி வந்தவர்கள் கைக்கே போனது. பழசாகவே இரு, மாறாதே என்றார்கள். இங்கே பறையைப் பற்றி ஆய்வு செய்ய வருகிறவர்கள் சிலரிடமும் நான் இதைப் பார்க்கிறேன். ஃபைபர் தோல் மாட்டினால் அவர்களுக்கு முகம் சுருங்குகிறது. நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சிக் கை கருகியவன் அவர்கள் இல்லை.

1949 மே மாதம் பாரிஸ் ஜாஸ் விழாவுக்கு பெஷேவைக் கூப்பிட்டார்கள். சார்லி பார்க்கர், மைல்ஸ் டேவிஸ் மாதிரி புது ஜாஸ் இளைஞர்கள் வந்திருந்த விழாவில் ஐம்பத்திரண்டு வயசுக் கிழவனுக்குத்தான் சனங்கள் அதிகம் கத்தினார்கள். அடுத்த வருசம் அவர் பிரான்சிலேயே தங்கிவிட்டார். அவருடைய பாட்டுகளில் பெரும் புகழ் பெற்றவை இந்தக் கடைசிப் பத்து வருசத்தில் வந்தவைதான். 'லெ ஸோன்யோன்', அதாவது வெங்காயம். 'சி தூ வுவா மா மேர்', என் அம்மாவைப் பார்த்தாயானால். 1952இல் 'பெத்தித் ஃப்ளேர்', சின்னப் பூ. சின்னச் சின்ன மெட்டுகள். இட்லிக் கடை ரேடியோவில் ஒருதரம் கேட்டால் சாயந்திரம்வரை வாயில் முணுமுணுக்கும். பண்டிதர்கள் இவற்றை மலிவு என்றார்கள். தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. ஒரு பாலே நாடகத்துக்கும் இசை எழுதினார். 1951 ஆகஸ்டில் ஆந்தீப் நகரில் அவருக்கு நடந்த கல்யாணத்துக்கு ஊரே ஊர்வலம் போனது. 1955 அக்டோபரில், பத்து லட்சம் தட்டு விற்றதைக் கொண்டாட பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் இலவசக் கச்சேரி. உள்ளே இடம் கிடைக்காத இளைஞர்கள் கலவரம் செய்து நாற்காலிகளை உடைத்தார்கள்.

சொந்த நாட்டில் இஸ்திரிப் பெட்டி, அந்நிய நாட்டில் ஊர்வலம். கறுப்பனை மனுசனாக நடத்திய நாடு பிரான்ஸ் என்று இதை வைத்து எழுதுகிறவர்கள் அதிகம். அவசரப்பட வேண்டாம். பாரிஸ் பெஷேவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த அதே 1954க்கு அப்புறம்தான் பிரெஞ்சு ராணுவம் அல்ஜீரியாவில் சனங்களைப் பிடித்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தது. அடுத்தவன் வீட்டு அடிமையை அணைத்துக்கொள்வது சுலபம். டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போன நம்ம கவிஞர்களுக்குக் கிடைக்கிற மாலை மரியாதையை அவர்கள் சொந்த ஊர் டீக்கடையில் எதிர்பார்க்க முடியுமா என்ன.

1959இல் மான்டி சன்ஷைன் என்கிற இங்கிலாந்துக்காரர் 'பெத்தித் ஃப்ளேர்' மெட்டைக் கிளாரினெட்டில் வாசித்த தட்டு, கிறிஸ் பார்பர் குழுவின் பெயரில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய வெற்றி அடைந்தது. சோப்ரானோவுக்குக் கட்டிய மெட்டு இப்படிக் கிளாரினெட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கட்டியவர் பாரிஸுக்குப் பக்கத்தில் நுரையீரல் புற்றுநோயோடு படுத்திருந்தார். மே 14இல், பிறந்த நாளன்றே, செத்துப்போனார். வயசு 62.

அடுத்த வருசம், 1960இல், அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. 'ட்ரீட் இட் ஜென்டில்'. அவர் சொல்லச் சொல்ல ஒலிநாடாவில் பதிவு செய்து, மற்றவர்கள் எழுதித் தொகுத்தது. நம்ம சாட்சியங்கள் பலவும் அப்படித்தானே வருகின்றன. அதன் முற்பகுதியில் தன் தாத்தாவின் கதையைச் சொல்கிறார். தாத்தா அடிமை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடுகிற காங்கோ சதுக்கத்தில் மேளம் அடித்தவர். ஒரு பெண்ணை விரும்பியதற்காகத் துரத்தப்பட்டு, சுடப்பட்டு, ஒரு கையை இழந்து, சதுப்புக் காட்டில் ஒளிந்து, கடைசியில் கொல்லப்பட்டார். இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த மேளத்திலிருந்து என்கிறார் பெஷே. அமெரிக்காவில் மேளத்துக்குத் தடை போட்ட இடங்கள் உண்டு. 1739இல் தெற்குக் கரோலினாவில் அடிமைகள் மேளம் அடித்துக்கொண்டு கலகம் செய்த மறுவருசமே அங்கே சட்டம் வந்தது. நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில் ரொம்ப காலம் மேளம் ஒலித்தது. மேளத்தைக் கண்டு அதிகாரம் ஏன் பயப்படும் என்பதைப் பறையர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆராய்ச்சிக்காரர்கள் பிறகு பதிவேடுகளைப் புரட்டினார்கள். பெஷேவின் நிஜத் தாத்தாவுக்கும் இந்தக் கதைக்கும் பொருத்தம் இல்லை என்றார்கள். அந்த ஊரில் வழங்கிய ப்ரா கூப்பே என்கிற ஒற்றைக்கை அடிமையின் நாட்டார் கதைதான் இங்கே தாத்தாவாக வந்திருக்கிறது என்றார்கள். கண்டுபிடிப்பு சரியாகத்தான் இருக்கும். அதற்காகப் புத்தகத்தைப் பொய் என்று தூக்கிப் போட வேண்டுமா? அடிமையின் பெயரைப் பதிவேட்டில் எழுதியவன் யார்? மாட்டோடு மாடாகத் தலை எண்ணி, விலை போட்டு எழுதினவன். நம்ம பாட்டன்கள் பெயரும் சர்க்கார் காகிதத்தில் அப்படித்தான், இன்ன மிராசுதாரின் ஆள் என்று. காத்தவராயனையும் மதுரைவீரனையும் எங்க குலத்துப் பிள்ளைகள் என்று பாடுகிற சனங்களிடம் போய்ப் பிறப்புச் சான்றிதழ் கேட்க முடியாது. நடந்ததைச் சொல்வது ஒரு வகை சாட்சியம். யாரிடமிருந்து வந்தோம் என்று தேர்ந்துகொள்வது இன்னொரு வகை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தேதி கேட்கிற இடத்தில் தேதியைத்தான் கொடுக்க வேண்டும், கோர்ட்டில் கதை நிற்காது. ஆனால் ஒற்றைக்கை அடிமையைத் தாத்தாவாக வரித்துக்கொண்ட பெஷே, விடுதலை பெற்ற கிரியோல் வம்சம் என்கிற பெருமையை, அதாவது படிக்கட்டில் தனக்குக் கிடைத்திருந்த ஒரு படியை, தானாகவே விட்டு இறங்கினார் என்பதைப் பதிவேடு பார்த்தவர்கள் கவனிக்கவில்லை.

அந்தத் தாத்தாவுக்குப் புத்தகத்தில் அவர் சொல்கிற பெயர் ஒமர். ஊரில் செருப்புத் தைத்துப் புல்லாங்குழல் வாசித்த அப்பாவின் பெயரும் அதுதான்.